பழுப்புத் தாளும் ஹெரால்டின் போல்ட்டும்

சாளுவன்குப்பத்துக் கோயிலைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் காரின் போல்ட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறார்களே என்று வாசகர்கள் வியக்கலாம். இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கும் அந்த வியப்பு இருந்தது. ஆனால் நான்கைந்து அங்குல நீளமே உள்ள ஒரு துருப்பிடித்த ஆணி எங்களை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னால் அழைத்துச் சென்றுவிட்டது. அந்தப் பயணத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் குளிர் விலகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், நண்பர் ஒருவரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் நால்வராகச் சென்னையிலிருந்து புறப்பட்டோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் அடித்தளத்தையும் கல்வெட்டுகளையும் அவசரமின்றிப் பார்ப்பது எங்கள் திட்டம். கார் நண்பரின் தந்தையார் வைத்திருந்தது. அவர் மறைந்தபின் விற்க மனமின்றி நண்பர் காத்துவருகிறார். கோவளத்தைத் தாண்டியதும் இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. வேகம் கூடினால் அதுவும் கூடியது. வண்டியை வலப்புறம் வளைத்தால் இன்னும் கூடியது. புலவர்கள் பாடும் களிற்றின் உறுமல் அன்று. தேய்ந்த பேரிங்கின் உறுமல். கோயிலைப் பார்க்காமலேயே மெல்ல ஊர்ந்து திரும்பினோம்.

மறுநாள் பட்டறை. அறுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவர், ஹெரால்டைக் கண்டதும் பழைய உறவினரைக் கண்டவர்போல் முகம் மலர்ந்தார். சக்கரத்தைக் கழற்றி, பின்னச்சின் முனையில் இருந்த ஒரு நட்டைத் தளர்த்தி எடுத்தார். அதுவரை எல்லாம் எளிதாகத்தான் நடந்தது. பிறகு அந்த நட்டுக்குரிய போல்ட்டைத் தட்டிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், எழுந்துகொண்டார்.

"நட்டு வந்துடுச்சு சார். போல்ட்டு வராது. உள்ள இருக்கிற குழாயோட அதுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."

"நல்லா ஓங்கி அடிச்சுப் பாருங்களேன் அண்ணே," என்றார் நண்பர்.

"அடிக்கலாம். அடிச்சா போல்ட்டு வராது, வேற ஏதாவது வரும். கடைசியா இதை எப்போ கழட்டுனாங்க?"

நண்பருக்கு விடை தெரியவில்லை. எங்களுக்கும் அந்தக் கேள்விதான் மனத்தில் தங்கிவிட்டது.

ஹெரால்டைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சில சொற்கள். 1959ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட கார் அது. உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலோத்தி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை இங்கேயே தயாரித்தது. உத்தரபாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையிலிருந்து ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள் ஆண்ட காலம் அது. முன்பக்க மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். கார் ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு அதற்கு உண்டு. அன்றைய மலிவுவிலைக் கார்களில் இது அரிது.

அந்தத் தனித்தனி இயக்கத்துக்குத்தான் எங்கள் போல்ட் தேவைப்பட்டது. ஹெரால்டின் பின்புறத்தில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்காகக் கிடக்கிறது. அதன் ஒவ்வொரு முனையிலிருந்தும் இரண்டு எஃகுத் தகடுகள் கீழே தொங்கி, சக்கரத்தின் பேரிங்கைத் தாங்கும் வார்ப்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கின்றன. வார்ப்பின் அடியில் ஒரு துளை. துளைக்குள் நைலான் புஷ்கள், அவற்றுக்குள் ஓர் எஃகுக் குழல், குழலுக்குள் போல்ட். சக்கரம் மேடு பள்ளத்தில் ஆடும்போது நைலான் அந்தக் குழலின் மீது வழுக்கித் திரும்பும். போல்ட் திரும்புவதே இல்லை. தகடுகளுக்கு நடுவில் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. பேரிங்கை மாற்ற வேண்டுமென்றால் இந்த போல்ட்டை உருவியாக வேண்டும். உலகெங்கும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்த ஒரு போல்ட்டின் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள் என்று பின்னர் அறிந்தோம்.

திருக்குறளில் அச்சாணிக்கு இடம் உண்டு. மரையாணிக்குப் புலவர் எவரும் வாய்க்கவில்லை.

அச்சு என்றதும் மாட்டுவண்டி நினைவுக்கு வருகிறது. எங்களில் இருவருக்குச் சிற்றூர்ப் பின்னணி உண்டு. வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமையை அச்சில் பூசும் காட்சியை அவர்கள் சிறுவயதில் கண்டிருக்கிறார்கள். உராயும் இடத்தில் மை இட வேண்டும், தீர்ந்தால் மீண்டும் இட வேண்டும் என்ற அந்த அறிவு மோட்டார் வாகனத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. 2014ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்படும்வரை நம் சாலைகளுக்கு வந்துகொண்டிருந்த அம்பாசடரின் முன்புறத்தில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்ததை ஓட்டுநர்கள் அறிவார்கள். குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி, கிரீஸ் கன்னை வைத்து அழுத்த, மறுமுனையில் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியேறும். உராய்வைக் குறைப்பதற்காகவே இது செய்யப்பட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். இன்னொரு வேலையும் அங்கே ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. பிதுங்கி வெளியேறும் கிரீஸ், உள்ளே புகுந்த நீரையும் மண்ணையும் உடன் தள்ளிக்கொண்டு போனது. ஓட்டுநரும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டைக் குனிந்து கண்ணால் பார்த்தார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரப்பரும் நைலானும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. பராமரிப்பே வேண்டாம் என்பது விற்பனைக்கு உகந்த சொல்லாயிற்று. ஹெரால்டும் கிரீஸ் இட வேண்டிய இடங்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டு வந்த கார்தான். ரப்பரையும் நைலானையும் குறைசொல்ல முடியாது. அவை தம் வேலையைச் செவ்வனே செய்தன. எங்கள் காரிலும் நைலான் புஷ்கள் கடைசிவரை நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே போன போல்ட்டும் குழலும் எஃகாகவே இருந்தன. முன்பு மூன்று மாதத்துக்கொருமுறை கண்ணிலும் கையிலும் பட்ட ஒரு மூட்டு, இப்போது பேரிங் தேயும்வரை, அதாவது பத்து இருபது ஆண்டுகள், எவர் நினைவுக்கும் வராமல் கிடந்தது. அந்த இடைவெளியில் கடற்காற்று தன் பணியைச் செய்தது. மேலைநாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். சென்னைக்கு அந்தச் செலவு இல்லை, வங்கக்கடலே தந்துவிடுகிறது!

உள்ளே என்னதான் நடந்தது? போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையில் இருப்பது மயிரிழை இடைவெளி. அத்தனை நுண்மையாகப் பொருந்தும் போல்ட்டுகள் நமக்குக் கிடைத்ததற்கு ஹென்றி மாட்ஸ்லேயின் கடைசல் எந்திரமும், 1841இல் ஜோசஃப் விட்வொர்த் முன்மொழிந்த ஒரே சீரான மரையளவும் காரணம். (பட்டறைத் தமிழில் திருகுச் சுற்றுக்கு மரை என்று பெயர். 'மரை கழன்றவன்' என்ற ஏச்சு எங்கிருந்து வந்தது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.) அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையின் மரையும் ஒவ்வொரு விதம். விட்வொர்த் நாடெங்குமிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டு ஓர் ஒழுங்கை வகுத்தார். அதன் பிறகு ஓரிடத்துப் போல்ட் மற்றோரிடத்து நட்டில் பொருந்தியது.

மயிரிழை இடைவெளிக்குள் நீர் தானாகவே ஏறிக்கொள்கிறது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. ஏறிய நீர் எளிதில் உலர்வதில்லை. 1920களில் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் என்ற அறிஞர் இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு துளி உப்புநீரை வைத்து ஆராய்ந்தார். காற்று நன்றாகப் படும் துளியின் விளிம்பில்தான் இரும்பு அரிக்கப்படும் என்று எவரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. காற்று குறைவாக எட்டும் துளியின் நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்தது. காற்றுப்படும் பகுதிக்கும் படாத பகுதிக்கும் இடையே நுண்ணிய மின்னோட்டம் ஓடி, காற்றில்லாத பகுதி தன்னை இழக்கிறது. அப்படியானால், வெளியே தெரியும் போல்ட்டின் தலை பளபளவென்று இருக்க, குழலுக்குள் மறைந்த உடல் அரிக்கப்படுவதில் வியப்பென்ன?

வரலாற்றுக் கட்டுரையில் துருவைப் பற்றிப் பேசிவிட்டு தில்லி இரும்புத் தூணைச் சொல்லாமல் போனால் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஆகவே ஒரே ஒரு செய்தி: வெயிலில் நனைந்து உலர்ந்து நிற்கும் அதன் மேற்பகுதிதான் துருவை வென்றது. மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பகுதி துருப்பிடித்தே இருந்தது.

துரு வெறும் அழுக்கு அன்று. கரைந்த இரும்பு எடுத்துக்கொண்ட இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அதிலிருந்து விளைந்த துரு அடைக்கிறது. திறந்த வெளியில் அது உதிர்ந்துவிடும். மூடிய குழலுக்குள் எங்கே போகும்? போல்ட்டையும் குழலையும் எதிரெதிரே நெருக்கி, ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். மெக்கானிக் சொன்ன கல்யாணம் இதுதான்.

இந்த இடத்தில் 1761ஆம் ஆண்டுக்குச் செல்வோம். பிரித்தானியக் கடற்படையில் அலார்ம் என்ற 32 பீரங்கிப் போர்க்கப்பல் இருந்தது. அக்காலத்தில் மரக்கப்பல்களின் பெரும்பகை எதிரியின் குண்டு அன்று. மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுவும், அடியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும் சிப்பிகளும் பாசியுமே. அவற்றைத் தடுக்க அலார்மின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லிய செம்புத் தகடுகளால் போர்த்திப் பார்த்தார்கள். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் வெப்பக்கடலுக்குச் சென்று திரும்பியது. 1763இல் அதைச் சோதித்தபோது, செம்பு தன் வேலையை நன்றாகச் செய்திருந்தது, புழு தொடவில்லை. ஆனால் பல இடங்களில் தகடுகள் கழன்று தொங்கின. அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப்போயிருந்தன.

சோதித்தவர்கள் அதோடு நின்றிருந்தால் நாம் இன்று அவர்களைப் பற்றிப் பேச மாட்டோம். உளுத்த ஆணிகளுக்கு நடுவே சில ஆணிகள் மட்டும் ஏறக்குறையப் புதிதாக இருந்ததை அவர்கள் கவனித்தார்கள். காரணம் தேடினார்கள். செம்புத் தகடுகள் கப்பல் தளத்துக்கு வந்தபோது பழுப்புத் தாளில் சுற்றப்பட்டு வந்திருக்கின்றன. தொழிலாளர்கள் சில தகடுகளில் அந்தத் தாளைப் பிரிக்காமலேயே அடித்துவிட்டார்கள். எங்கெல்லாம் ஆணித் தலைக்கும் செம்புக்கும் நடுவில் அந்தத் தாள் சிக்கிக்கொண்டதோ அங்கெல்லாம் ஆணி பிழைத்திருந்தது! இரும்பும் செம்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று கடற்படைத் தலைமைக்கு அறிக்கை சென்றது.

இதன் அருமை காலக்கணக்கில் இருக்கிறது. லூயிஜி கால்வானி தவளைக் காலை வைத்துக் கண்டதை வெளியிட்டது 1791இல். அலெசாந்த்ரோ வோல்டா தன் மின்கலத்தை அறிவித்தது 1800இல். இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்று உலகம் அறிவதற்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்பே, ஒரு சோம்பேறித் தொழிலாளி பிரிக்க மறந்த பொட்டலத் தாள் அதற்குரிய மருந்தைக் காட்டிவிட்டது. சோம்பேறி என்று எழுதியதற்கு அவர் மன்னிக்கட்டும். அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த அறிக்கையே பிறந்திராது.

அறிக்கை பிறந்தும் என்ன? அமெரிக்கப் போர் மூண்டபோது கப்பல்களின் வேகத்துக்காக 1770களின் இறுதியிலிருந்து கடற்படை முழுவதற்கும் செம்பு போர்த்தும் பணி அவசரமாக நடந்தது. கப்பலின் உடலைப் பிணைத்த போல்ட்டுகள் இரும்பாகவே இருந்தன. செம்புக்கும் அவற்றுக்கும் நடுவில் தாளும் பூச்சும் வைத்தால் போதும் என்று நம்பினார்கள். போதவில்லை. கப்பலின் எலும்புகளைக் கட்டிய போல்ட்டுகள் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் தேய்ந்தன. 1780களில்தான் அவற்றுக்குப் பதிலாகச் செம்புக் கலப்பு போல்ட்டுகள் வந்தன.

பிறகு வந்தவர்களில் ஹம்ஃப்ரி டேவியின் கதை சுவையானது. 1824இல் அவர் செம்பைக் காப்பாற்ற, அதனோடு சிறு இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். அந்த இரும்பு தன்னை இழந்து செம்பைக் காக்கும் என்பது கணக்கு. கணக்கு பிசகவில்லை; செம்பு கரையவே இல்லை. ஆனால் சிப்பிகள் வந்து அப்பிக்கொண்டன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாவதால்தான் அவை அதுவரை அஞ்சி விலகியிருந்தன! கடற்படை டேவியின் துண்டுகளைக் கழற்றிவிட்டது. அவருடைய கருத்து மட்டும் சாகவில்லை. 1837இல் பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரேல் இரும்பின்மேல் துத்தநாகம் ஏற்றும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்று கடையில் வாங்கும் போல்ட்டின் வெண்பூச்சு அந்த வழியில் வந்ததே. துத்தநாகம் முன்னே நின்று கரைந்து எஃகைக் காக்கிறது. அது தீர்ந்த நாளில் எஃகின் முறை வருகிறது.

நியூயார்க் விடுதலைச் சிலையையும் ஒருவரியில் சொல்லிவிடுவோம். செம்புத் தோலும் இரும்பு எலும்பும் கொண்ட அச்சிலையில் இரண்டுக்கும் நடுவே அரக்குத் தோய்த்த கல்நார் வைக்கப்பட்டது. 1886க்குப் பின் நூறாண்டுகளுக்குள் அது நைந்துபோக, வீங்கிய துரு செம்பில் அடித்த ரிவெட்டுகளைப் பிடுங்கி எறிந்தது. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகத் துருவேறா எஃகும், கல்நாருக்குப் பதிலாக டெஃப்லானும் வந்தன. அலார்மின் பழுப்புத் தாளுக்குப் பெயர் மாறியதைத் தவிர வேறு என்ன?

பட்டறைக்குத் திரும்புவோம். பின்புறத்தைத் தற்காலிகமாக விட்டுவிட்டு மெக்கானிக் முன்சக்கரங்களைப் பார்க்க வேண்டும் என்றார். ஹெரால்டின் முன்புறத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை ஒரு வெண்கல டிரனியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் திரும்பும். எஃகு, வெண்கலம், இடையில் மழைநீர்! அலார்ம் கப்பலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இணையைச் சக்கரத்தின் அடியில் வைத்திருந்தார்கள். வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அங்கே கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான 90ஆம் எண் எண்ணெயைக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை செலுத்த வேண்டும் என்று கையேட்டில் எழுதி வைத்தார்கள். அந்த எண்ணெய்தான் அங்கே பழுப்புத் தாள். பலர் எண்ணெய்க்குப் பதிலாகக் கிரீஸை அடித்தார்கள். அது நாளடைவில் இறுகி வழியை அடைத்து, நீரை உள்ளே நிறுத்திவைத்தது. மிகப் பலர் எதையுமே செலுத்தவில்லை. அப்படி விடப்பட்ட தண்டு டிரனியனுக்குச் சற்று மேலே துருவால் மெலிந்து ஒருநாள் முறிந்துபோகும். சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும்.

மெக்கானிக் இடப்பக்கத் தண்டைக் கழற்றித் துடைத்து எங்கள் கையில் கொடுத்தார். மரை முடியும் இடத்தில் விரல் நகம் பதியும் ஆழத்துக்குச் சுற்றிலும் ஒரு பள்ளம். "சார், இதை வச்சுக்கிட்டா ஈசிஆர்ல போனீங்க?" என்றார். எங்களில் எவரும் பேசவில்லை. அன்று பேரிங் உறுமியிராவிட்டால் மாமல்லபுரம்வரை மணிக்கு எண்பது கிலோமீட்டரில் சென்றிருப்போம்.

நண்பர் வீட்டிற்குச் சென்று காரின் கையேட்டை எடுத்து வந்தார். எண்ணெயிடுவதைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், அவருடைய தந்தையார் சிறிய பென்சில் எழுத்தில் நாட்களைக் குறித்து வைத்திருந்தார். ஒழுங்கான இடைவெளி, ஆண்டுக்கு இரண்டு, சில ஆண்டுகளில் மூன்று. கடைசி நாள் அவர் நோயில் விழுவதற்கு முந்தைய ஆண்டைச் சேர்ந்தது. கல்வெட்டில் மன்னனின் கடைசி ஆட்சியாண்டைத் தேடிப் பழகிய கண்களுக்கு அதைப் படிக்க எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. நண்பர் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா வண்டிக்கு அடியில படுத்திருக்கிறதைப் பாத்து நாங்க சிரிப்போம்," என்று மட்டும் சொன்னார்.

முன்புறத் தண்டுகளுக்கு மாற்று தேடிக் கண்டுபிடித்தது தனிக்கதை. பின்புறத்து போல்ட்டுக்கு என்ன செய்தார் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறோம். எந்தக் காருக்கும் பயன்படும்.

முதலில் காரை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது என்று எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஸ்பிரிங் சேமித்து வைத்திருக்கும் விசை போல்ட் விலகும் கணத்தில் பாயாமலிருக்க, சக்கர முனைக்குத் தனியாக முட்டுக் கொடுத்தார். வெளியே தெரிந்த மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கினார். பிறகு ஊடுருவும் எண்ணெயை இருபுறமும் தெளித்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாளும் அதையே செய்து, அதற்கு அடுத்த நாள் வரச் சொன்னார். அவசரப்பட்டுத் தெளித்த உடனே முறுக்குவதால் பயனில்லை; எண்ணெய் மயிரிழை வழியே ஏற அதற்குரிய காலம் வேண்டும். (ஊடுருவும் எண்ணெய் என்று பலரும் நினைக்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தபோது நட்டுகளைக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டது அன்று. நீரை விரட்டித் துருவைத் தடுப்பதே அதன் நோக்கம். அட்லஸ் ஏவுகணையின் மேனிக்குப் பூசினார்கள். பெயரிலுள்ள நாற்பது, நாற்பதாவது முயற்சியில் கைகூடியதைக் குறிக்கும்.)

மூன்றாம் நாள் போல்ட்டின் தலையில் ஸ்பேனரை மாட்டி, கழற்றும் திசைக்கு மாறாக, முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு தள்ளு கொடுத்தார். துருவின் பிடி உடைந்தால் அந்தத் தள்ளிலேயே உடையும். அதற்குப் பின் முன்னும் பின்னுமாக அசைத்து வெளியே கொண்டுவரலாம். எங்கள் போல்ட் அசையவில்லை. நட்டை மரையின் முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, அதன்மேல் பித்தளைக் கட்டையை வைத்து அடித்தார். வெறும் மரையின்மேல் அடித்தால் முனை விரிந்து, வர இருந்த போல்ட்டும் வராமற்போகும் என்றார். அப்போதும் அசையவில்லை.

காஸ் டார்ச்சால் சுடலாமே என்று கேட்டோம். சூடேறிய எஃகு விரிந்து துருவின் பிடியை உடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நைலானும் ரப்பரும் எரிந்தால் வரும் புகை நல்லதன்று. தெளித்த எண்ணெய் தீப்பிடிக்கும். பெட்ரோல் தொட்டி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. மேலும் உறுதியேற்றப்பட்ட எஃகைச் செந்நிறமாகச் சுட்டால் அதன் உறுதி போய்விடும். சுட்ட போல்ட்டை மீண்டும் மாட்டக் கூடாது. இன்றைய கார்களில் இன்னொரு தொல்லை உண்டு. அவற்றில் எஃகுக் குழல் ரப்பரோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட் குழலோடு ஒட்டிக்கொண்டால், நாம் கொடுக்கும் முறுக்கு முழுவதையும் ரப்பர் வாங்கிக்கொண்டு மீண்டும் பழைய நிலைக்கே துள்ளும். இம்பாக்ட் கன் எவ்வளவு இரைந்தாலும் போல்ட் கழலாது.

கடைசியில் ஆக்சா பிளேடுதான். தகட்டுக்கும் வார்ப்புக்கும் இடையிலுள்ள சிறு இடுக்கில் பிளேடை நுழைத்து, ஒருமுனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, குழலையும் போல்ட்டையும் சேர்த்தே அறுத்தார். ஒருபுறம் முடிய முக்கால் மணி நேரம்; மறுபுறம் அதைவிட அதிகம். பிளேடுகள் நான்கு. வெளியே வந்த துண்டை வைஸில் பிடித்துப் பிளந்து காட்டினார். நடுவில் போல்ட் எது, குழல் எது என்று எல்லை தெரியவில்லை. கருஞ்சிவப்பாக ஒரே கல்.

புதிய போல்ட்டை நாங்கள் புதுப்பேட்டையில் வாங்கி வந்தோம். அளவு சரியாக இருந்தது. மெக்கானிக் அதன் தலையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உறுதித்தரத்தைக் காட்டும் குறி அதில் இல்லை. கதவுக்குப் போடும் போல்ட் சக்கரத்துக்கு ஆகாது. உரிய தரத்தில் தேடி வாங்க இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

அதை மாட்டுமுன் அவர் செய்ததுதான் எங்களுக்கு முதன்மையாகப் பட்டது. குழலின் உட்புறத்தை வழித்துத் துடைத்து, போல்ட்டின் உடல் முழுவதும், தலையிலிருந்து மரைவரை, நீரைத் தாங்கும் கிரீஸைக் கனமாகப் பூசினார். குழலின் இருமுனைகளிலும் பூசி, தூசி தடுக்கும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டார். மரையில் மட்டும் கிரீஸ் படாமல் துடைத்துவிட்டார். கையேடு தரும் முறுக்குவிசை உலர்ந்த மரைக்கு உரியது. எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைவதால் அதே முறுக்குவிசை போல்ட்டை மிகுதியாக இழுத்துவிடும். செம்புத் துகள் கலந்த கிரீஸ் எஃகுக்கு எஃகு உள்ள இடத்தில் நன்கு பயன்படும். அலுமினியக் கைகள் கொண்ட இன்றைய கார்களில் அதைத் தவிர்ப்பது நல்லது. அங்கே செம்பைக் கொண்டு போவது அலார்ம் கப்பலை மீண்டும் கட்டுவதாகும். ரப்பர் புஷ் உள்ள கார்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரங்களின்மேல் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

இத்தனைக்கும் பிறகு அவர் சொன்ன அறிவுரை ஒன்று. "ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கழட்டித் தொடச்சு மறுபடி போட்டுடுங்க சார். அரை மணி நேர வேலை."

சாளுவன்குப்பத்துக்கு அந்தப் பங்குனியில் சென்றோம். அதைப் பற்றிய கட்டுரை தனியே வரும். சொன்னபடி இரண்டாண்டு கழிந்து நண்பரும் நாங்களும் அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். நட்டை எடுத்ததும் இரண்டு விரலால் இழுக்க வந்துவிட்டது. கிரீஸ் சற்றே பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். நண்பர் கையேட்டை எடுத்து, தந்தையாரின் குறிப்புகளுக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். வலப்பக்கத்து போல்ட்டை இன்னும் தொடவில்லை. அதுவும் குழலோடு ஒட்டியிருக்கும் என்றே நினைக்கிறோம். பொங்கல் விடுமுறையில் நான்கு ஆக்சா பிளேடுகளோடு கூடுவதாகத் திட்டம்.